அட்டையில் அண்ணன்

கோபம் இல்லாத நாட்களில் என் கணவரை வீட்டுக்காரர் என்று சொல்வேன். கோபம் வந்துவிட்டால் ‘ஆசிரியர்’. இந்தக் கதை முழுக்க அவர் ஆசிரியர்தான்.

வீட்டின் முன்னறையில் எங்கள் பத்திரிகை நடந்தது. மாதம் ஒரு இதழ், நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தது. இந்த ஊரைத் தாண்டி அதில் செய்தி கிடையாது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், எந்த வீடு வாடகைக்கு, யார் காலமானார், யாருக்குப் பிள்ளை பிறந்தது, எந்தப் பஸ் தடம் மாறியது, பல் டாக்டர் எந்தக் கிழமை வருவார். விதிவிலக்கு தலையங்கம் மட்டும். அது உலக நிலவரம், ஆசிரியர் எழுதுவது. அதை எழுதியவரும் நானும்தான் படித்தோம், அதுவும் நான் பிழை திருத்துவதற்காக. மற்றதையெல்லாம் சேகரித்து, தட்டச்சு செய்து, படம் எடுத்து, பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்புவது என் வேலை.

விற்பது என் அண்ணன். பஸ் நிலையத்தில் டீக்கடையை ஒட்டி அவருக்கு ஒரு பத்திரிகைக் கடை இருந்தது. ஓர் ஆள் உட்காரலாம், கால் நீட்ட முடியாது. முன்னால் நைலான் கயிறு கட்டிக் கிளிப் போட்டு இதழ்களைத் தொங்கவிட்டிருப்பார். முதல் கயிறு எப்போதும் எங்களுக்கு. ஊரில் இன்னும் சில கடைகளில் போட்டோம் என்றாலும், அண்ணன் கையால் போனதுதான் அதிகம். பஸ் ஏறுகிறவரின் ஜன்னலுக்குள்ளேயே நீட்டிவிடுவார். “உங்க தெருவுல தண்ணி நேரம் மாத்திட்டாங்க, தெரியுமா?” என்பார். அதற்குப் பிறகு யார் வாங்காமல் இருப்பார்கள்?

அட்டையில் ஊர்க்காரர் ஒருவரின் முகத்தைப் போடும் வழக்கமும் அவர் யோசனைதான். ஆரம்பத்தில் ஆசிரியர் சூரிய உதயம், கடல் அலை என்று போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு நாள் சொன்னார்: “மாப்ள, சூரியன் தினமும் சும்மா வருது. அதை எவன் வாங்குவான்? பூட்டு ரிப்பேர்காரரைப் போடுங்க. அவரு சொந்தக்காரங்க வாங்குவாங்க. அவரு பூட்டு தொறந்து குடுத்த வீட்டுக்காரங்க வாங்குவாங்க. அவருக்கு ஆகாதவனும் வாங்குவான், மீசை வரைய.”

அப்படியே நடந்தது. பூட்டுக்காரர், ஊசி போடும் நர்ஸ், பள்ளிக்கூட வேன் டிரைவர், தபால்காரர் என்று மாதம் ஒரு முகம். என் அப்பா வீட்டு ஆட்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். “ரெண்டு சம்சாரக்காரன் ஒருத்தனைப் பிடிங்க மாப்ள, டபுளா விக்கலாம்” என்று அண்ணன் கேலி செய்வார். ஆசிரியர் சிரிக்க மாட்டார். தன் எழுத்துக்காக விற்கவில்லை என்பது அவருக்கு ஒரு முள்ளாகவே இருந்தது.

பிறகு அந்தப் பெரிய கடை வந்தது. பல ஊர்களில் கிளை உள்ள கடை. உள்ளே குளிர், தள்ளுவண்டி, வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் ஆள். அங்கேயும் ஒரு பத்திரிகை அடுக்கு இருந்தது. அண்ணன் ஈ ஓட்ட ஆரம்பித்தார். குடும்பம் ஓட வேண்டுமே, அண்ணி போய் அதே கடையின் குடோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு பெட்டி பிரிக்கிற வேலை. எதிரி வீட்டிலேயே சம்பளமா என்று அண்ணனைக் கேட்டேன். “புருஷன் கடையில கூட்டம் இல்ல, பொண்டாட்டி போற கடையில கூட்டம். எப்படியோ ஒரு வீட்டுக்கு வருது” என்றார். அவருக்குக் கோபமே வராது. அது அம்மா வழி.

ஆசிரியருக்கோ அந்த அடுக்கைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. பளபளவென்ற பெரிய பத்திரிகைகளுக்கு நடுவில் எங்கள் இதழை அவர் மனதுக்குள் வைத்து வைத்துப் பார்த்தார். நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு கொள்முதல் மேனேஜரைப் பார்க்கப் போனார். நாலு முறை உட்கார வைத்து அனுப்பினார்கள். ஐந்தாவது முறை நானும் போனேன். அந்த மேனேஜர் எதற்கெடுத்தாலும் சிரிப்பார். முடியாது என்பதைக் கூடச் சிரித்துக்கொண்டே சொல்வார். நான் அவருக்குச் சிரிப்பு என்று பேர் வைத்தேன்.

“பார்கோடு இல்லாம நாங்க ஒரு ஊசி கூட உள்ள விட மாட்டோம் சார்” என்றார் சிரிப்பு. “அதைப் போட்டுக்கிட்டு வாங்க. இந்த ஊர்க் கிளையில மட்டும் ஒரு மாசம் வச்சுப் பாக்கலாம்.”

அந்த மாதம் அட்டையில் மறுபடி வேன் டிரைவர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று போட்டிருந்தோம். அவர் வேனில் போய்வந்த பிள்ளைகளின் அம்மாமார் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் சாமான் வாங்கப் போகிறவர்கள். ஒருத்தி எடுத்தாள், போனில் இன்னொருத்தியிடம் சொன்னாள். ஒரே வாரத்தில் அடுக்கு காலி. சிரிப்பு தானாகவே போன் செய்தார். எல்லாக் கிளைகளிலும் வைக்கலாம், வந்து பேசுங்கள் என்றார்.

ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. “தரத்துக்கு மரியாதை இருக்குன்னு இப்பவாவது ஒத்துக்குறியா?” என்று என்னிடம் கேட்டார்.

“வித்தது உங்க தரம் இல்ல, வேன் டிரைவர் மூஞ்சி” என்றேன். “மத்த ஊர்ல அவரை யாருக்குத் தெரியும்? அங்க தண்ணி எப்ப வருதுன்னா நாம எழுதுறோம்?”

“நீ எப்பவும் அபசகுனம் மாதிரியே பேசு.”

கடையின் கம்ப்யூட்டருக்கு எத்தனை விற்றது என்று தெரியும். யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. சிரிப்புக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி சொன்னால் அபசகுனம்.

இரண்டு நிபந்தனை போட்டார்கள். முதலாவது, விற்காமல் போனால் இதழ் முழுசாகத் திரும்பி வராது. அட்டையை மட்டும் கிழித்துக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, உள்பக்கங்களை அரவை இயந்திரத்தில் போட்டுவிடுவார்கள். ஆசிரியர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. விற்காமல் போனால்தானே என்ற எண்ணம். இரண்டாவது, வெளியில் எந்தக் கடையிலும் இதழ் இருக்கக் கூடாது.

“ரோட்ல கிளிப் போட்டுத் தொங்குற பொருளை எங்க கஸ்டமர் கையால தொட மாட்டாங்க சார்” என்றார் சிரிப்பு. சிரித்துக்கொண்டுதான்.

ஆசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று சொல்வார்கள். புருஷனே அரசனை நம்பிப் போனால் பெண்டாட்டி என்ன செய்வாள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மற்றக் கடைக்காரர்களுக்கு அவரே போன் செய்து சொன்னார். அவர்கள் கேட்டது எதையும் என்னிடம் அவர் சொல்லவில்லை, காது சிவந்திருந்ததை வைத்து நானே புரிந்துகொண்டேன். அண்ணனிடம் மட்டும் நேரில் சொல்ல வேண்டும், அதுவும் நான் சொல்ல வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்ட கைதான் சொல்ல வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பஸ் நிலையத்தில் வெயில். ஆசிரியர் டீயைக் குடித்துக்கொண்டு மென்று முழுங்கினார். பாதி சொல்வதற்குள் அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“எல்லா ஊர்க் கிளையிலயுமா?” என்றார். “அட! இதைச் சொல்லவா மாப்ள இப்படித் தயங்குறீங்க? பொண்ணு பெரிய இடத்துக்கு வாக்கப்பட்டுப் போகுதுன்னா அழுவாங்களா?”

எழுந்து போய் முதல் கயிற்றிலிருந்து கிளிப்புகளை அவரே எடுத்தார். மீதமிருந்த இதழ்களைத் தூசி தட்டி அடுக்கி என் கையில் கொடுத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஆசிரியருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். திடீரென்று, “அடுத்த இதழ் அட்டையில நீங்கதான் மச்சான்” என்றார்.

அண்ணன் அன்று வெட்கப்பட்டதைப் போல நான் எப்போதும் பார்த்ததில்லை. “நான் எதுக்கு, எனக்கு எதுக்கு” என்றார். ஆனால் மறுநாள் முடிவெட்டி, தலைக்கு மையும் பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். முன்பல் ஒன்று விழுந்த ஓட்டையை மறைக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டார். போலீஸில் பிடித்துக்கொண்டு வந்த ஆள் மாதிரி இருந்தது. “அண்ணா, அந்த ரெண்டு சம்சாரக்காரனைப் பிடிச்சாச்சா?” என்றேன். வெடித்துச் சிரித்தார். அந்த நொடியில் எடுத்த படம்தான் அட்டை. ஓட்டைப் பல்லோடு, கண் இடுங்க, பின்னால் கயிறும் கிளிப்புகளும். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது.

முன்னெப்போதும் அடிக்காத அளவு அடித்தோம். கட்டுக் கட்டாக வேன் ஏறிப் போயிற்று. அண்ணனுக்கு ஒரு பிரதி கொடுத்தோம், அதைக் கடைக்குள் ஆணியில் மாட்டி வைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் அது விற்பதற்கு இல்லை என்று சொன்னார்.

மற்ற ஊர்களில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டியதில்லை. முன்பின் தெரியாத ஓட்டைப் பல் ஆளை யார் காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள்? இந்த ஊரிலும் அதே நிலைதான். அண்ணனைத் தெரிந்தவர்கள் கண்டக்டர்கள், டீ மாஸ்டர், சுமை தூக்குகிறவர்கள், அவசரமாகப் பஸ் பிடிக்கிறவர்கள். ஒரு இதழ் வாங்குவதற்காகப் பையை ஒப்படைத்து டோக்கன் வாங்கிக் குளிரில் வரிசையில் நிற்க அவர்களால் முடியுமா? டீ மாஸ்டர் ஒரு தடவை வாசல் வரை போய்விட்டு, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று தெரியாமல் திரும்பி வந்தாராம். அதையும் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாதம் முடிந்ததும் சாக்குகள் வந்து இறங்கின. முன்னறையில் இடம் இல்லாமல் பின்னறையில் போட்டோம். ஒன்றை அவிழ்த்தேன். அண்ணன். அவருக்கு அடியில் அண்ணன். அவசரத்தில் கிழித்தது சிலதில் நெற்றியோடு போயிருந்தது, சிலதில் வாய் இல்லை, சிலதில் ஒரு கண் மட்டும். ஒரே மனிதனை அத்தனை விதமாகக் கிழிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆசிரியர் கதவருகில் நின்றார், உள்ளே வரவில்லை. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன். பாவம் பார்த்து இல்லை, பேசினால் அழுதுவிடுவேன் என்று.

சிரிப்பு போனில் முடித்துக்கொண்டார். அடுத்த மாதம் அடுக்கில் இடம் இல்லை சார், வருத்தம் சார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து நீலக் கோட்டோடு அண்ணி வந்தாள். சாக்குகளைப் பார்த்தாள், அதில் ஒன்றைத் தனியாக இழுத்து வைத்தாள்.

“இது எங்க கிளைது” என்றாள். “நான்தான் கிழிச்சேன்.”

நான் அந்தச் சாக்கை அவிழ்த்தேன்.

“சூப்பர்வைசர் வேற பசங்ககிட்டக் குடுத்தாரு. அதுங்க சிரிச்சுக்கிட்டே பரக்குபரக்குனு கிழிச்சுதுங்க. நான் செய்யுறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். பின் எடுத்துட்டு, ஸ்கேல் வச்சு, ஓரமா. பாரு, ஒண்ணுல கூட அவர் மேல படல.”

பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன. ஓர் அட்டைகூடக் கசங்கவில்லை.

“அவருகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா” என்றாள் அண்ணி. “தினமும் ராத்திரி கேப்பாரு, இன்னிக்கு எவ்வளவு போச்சுன்னு. நானும் போகுது போகுதுன்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? டை அடிச்சுக்கிட்டு அலையுறாரு மனுஷன்.”

அவள் போன பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். வெகு நாளைக்குப் பிறகு ஆசிரியர் தரம், வளர்ச்சி என்ற வார்த்தைகள் இல்லாமல் பேசினார். மற்றக் கடைக்காரர்களுக்கு மறுபடி போன் செய்திருக்கிறார். ஒருவர் எடுக்கவே இல்லை. ஒருவர், பெரிய கடைக்காரங்களுக்கு எங்க தூசி ஒத்துக்காதே என்று வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது பஸ் நிலையம் மட்டும். அண்ணன் அந்தக் கயிற்றை மறுபடி கொடுத்தால் அடுத்த இதழ் உண்டு. இல்லையென்றால் பத்திரிகை இதோடு முடிந்தது. வேறு வழி எதுவும் மீதமில்லை.

“நாளைக்குப் போய்க் கேக்குறேன்” என்றார். “கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்.”

“விழ வேண்டாம். எங்க அண்ணன் விழ விடாது. கேட்டாப் போதும்” என்றேன். அன்று அவரைக் கொஞ்சம் மன்னித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் மறுநாள் காலையில் நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அண்ணன் வந்துவிட்டார். வாயெல்லாம் பல், ஒன்று குறைய. ஆசிரியர் பின்னறைக் கதவைச் சட்டென்று சாத்தி அதன் மேலேயே சாய்ந்து நின்றார்.

“மாப்ள, நேத்து உள்ள போயிட்டேன்!” என்றார் அண்ணன். “பையைக் குடுத்து டோக்கன் வாங்கிக்கிட்டு, நேரா அடுக்குக்கே போயிட்டேன். நம்ம இடம் சுத்தமா காலி! ஒண்ணு கூட இல்ல. இந்த மூஞ்சியைக் கூட ஜனங்க விடல பாருங்க!”

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“பஸ் ஸ்டாண்ட் பூரா சொல்லிட்டேன். டீ மாஸ்டர் இப்ப என்னோட சண்டை, அடுத்த அட்டை தனக்குத்தான்னு.” உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “மத்த ஊர்லயும் இப்படித்தானா மாப்ள?”

“மச்சான்” என்று ஆசிரியர் ஆரம்பித்தார். “அதைப் பத்திதான்... நான் என்ன யோசிச்சேன்னா, உங்க கடையிலயும் கொஞ்சம்... பழையபடி...”

அண்ணன் பதறிப்போய் எழுந்துவிட்டார். “வேணாம் மாப்ள! எனக்காகப் பாக்குறீங்களா? வெளியில ஒண்ணு தொங்கினா அவங்க உங்களைத் தூக்கிருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? மேல ஏறின பிறகு யாராச்சும் இறங்குவாங்களா? அந்தக் கயிறு எனக்கு வேணாம். செல்போன் கவர் விக்கிற பையன் கேட்டான், குடுத்துட்டேன்.”

கதவை விட்டு ஆசிரியர் நகரவில்லை.

அவர் பதில் சொல்லாததால் அண்ணனுக்கு என்னவோ சந்தேகம் தட்டியது. என் பக்கம் திரும்பினார். எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் அவருக்கு நான் பாப்பாதான்.

“பாப்பா, நீ சொல்லு. மாப்ள மனசு நோகக் கூடாதுன்னு ஏதாவது சொல்வாரு. நீ மூஞ்சிக்கு நேரா உடைக்கிறவ. மத்த ஊர்ல போச்சா, இல்லையா?”

ஆமாம், என் வாய்க்குப் பயந்துதான் இந்தத் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் அண்ணன் அப்போதே போய் அந்தச் செல்போன் கவர்களைக் கழற்றிப் போட்டிருப்பார். முதல் கயிறு எங்களுக்கு வந்திருக்கும். ஆசிரியரின் கண் என்னைக் கெஞ்சியது, சொல்லு சொல்லு என்று. கதவுக்கு அந்தப் பக்கம் சாக்குச் சாக்காக அண்ணன் கிடந்தார். இந்தப் பக்கம் மை பூசின தலையோடு முழு ஆளாக நின்றார்.

“எல்லாம் போச்சுண்ணா” என்றேன். “ஒண்ணு கூட மிச்சமில்ல.”

“அதானே!” என்றார். தலையில் கை வைத்து என்னை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கடைக்கு ஓடினார்.

ஆசிரியர் கம்ப்யூட்டரில் அடுத்த இதழுக்கு நான் திறந்து வைத்திருந்த பக்கங்களைப் போய் மூடினார். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்ற பட்டியல் முடிந்திருந்தது, அட்டைக்கு மட்டும் இன்னும் யாரும் இல்லை. சாக்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட எனக்கு மனம் வரவில்லை, கொளுத்தவும் வரவில்லை. பின்னறைக்குப் பூட்டுப் போட்டோம். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

பத்திரிகை அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் இன்னும் ஜன்னல் வழியாக அண்ணனிடம் கேட்கிறார்களாம், எங்கே அந்த இதழைக் காணோம் என்று. “அதெல்லாம் இப்ப நம்ம மாதிரி கடையில கிடைக்காதுங்க” என்கிறாராம். “பெரிய கடைக்குத்தான் போகணும். அங்கயும் சீக்கிரம் போங்க, வந்த உடனே தீந்துருது.”